செல்லக்கனியின் மூன்று மணி வகுப்பு

துறைமுகச் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்லக்கனிக்குச் சனிக்கிழமை மூன்று மணி என்றாலே வயிறு எரியும். அப்போதுதான் போனில் வகுப்பு. பேச்சு வராத பிள்ளைகளின் தாய்மார் பத்துப் பேர் கூடுவார்கள். நாசரேத்திலிருந்து ஜெயபாய் டீச்சர் நடத்துவார். செல்லக்கனி மிட்டாய் பாட்டிலில் போனைச் சாய்த்து, ஐந்து வயது மகள் பானுவை மடியில் இருத்திக்கொள்வாள்.

அன்றைக்கு ஆழ்வார்திருநகரிக் கோதா தன் மகன் கோவிந்தைக் காட்டினாள். பயல் கணீரென்று "அம்மா" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். செல்லக்கனியும் தட்டினாள். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு சொல்லுக்குத்தானே அவளும் ஐந்து வருசமாகக் காத்துக் கிடக்கிறாள்!

"பிள்ளை முகத்தைப் பாத்துப் பேசிக்கிட்டே இருங்கம்மா. எந்த வேலை செஞ்சாலும் அதைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க," என்றார் டீச்சர்.

சரியென்று பானுவைக் கல்லாப் பக்கத்தில் உட்கார வைத்தாள். என்னத்தைப் பேச? பருப்பு நிறுக்கேன், பொட்டலம் கட்டுதேன் என்று இரண்டு நாள் சொன்னாள். மூன்றாம் நாள் வாய் தானாகத் தடம் மாறிவிட்டது.

"பாத்தியாளா அந்தக் கோதாவ? என்ன பவுசு, என்ன சிரிப்பு! கோதா மவன் பேசிட்டானாம். கோதாவுக்குன்னா சாமி ஓடி வரும், நமக்குன்னா திரும்பிக்கூடப் பாக்காது."

ஒருநாள் சீனி வாங்க வந்த லாரி டிரைவர் மாரிச்செல்வம், "யாரு தங்கச்சி அந்தக் கோதா? எப்ப வந்தாலும் இதே பாட்டு!" என்று சிரித்தார்.

"ஒம்ம சோலியப் பாரும் அண்ணாச்சி."

மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அரிசி நிறுக்கும்போது பானு அவள் முகத்தையே பார்த்தாள். உதட்டைக் குவித்தாள்.

"கோ... தா."

கையிலிருந்த பை நழுவி அரிசி கொட்டியது. "என்னளா சொன்ன?"

"கோதா." மூக்கைச் சுளித்து, கழுத்தை வெட்டி, அச்சு அசலாக அம்மா சொல்கிற மாதிரியே.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோசந்தான். ஆனாலும் சுமந்து பெற்றவள் இங்கே இருக்க, முதல் பேர் அந்தக் கோதாவுக்கா?

மறுநாள் வகுப்பில் மறைத்துவிடத்தான் நினைத்தாள். "பானு எப்படி இருக்கா?" என்று டீச்சர் கேட்டதும் மனசு தாங்கவில்லை. பிள்ளையைப் போன் முன்னால் நகர்த்தினாள். பானு கழுத்தை வெட்டி, "கோதா!" என்றாள்.

கோதா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது. "என் பேரா? இத்தனை தடவை என் பேரைச் சொல்லிக் குடுத்திருக்கேளா? என்மேல அவ்வளவு பிரியமா?"

செல்லக்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "ஓயாம ஒங்க நெனப்புத்தான்."