கைப்பிடிக்குக் கழித்த மதிப்பெண்

டிசம்பர் வந்துவிட்டால் மயிலாப்பூருக்குக் கச்சேரி சீசன். என் தம்பிக்கும் அவனுடைய சங்கத்துக்கும் அது கார் சீசன். வருஷம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்த பழைய கார்களைத் துடைத்து, மெழுகு தேய்த்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஊர்வலமாக ஓட்டிப் போவார்கள். வெயில் ஏறும் மார்ச் வரைக்கும் இந்தக் கூத்து நடக்கும். சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் காரின் கம்பெனியையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஆட்கள் நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு, அந்த வருஷத்து மாடலுக்கு பம்பர் எப்படி வளைந்திருக்கும் என்று ஆராயப் போய்விடுவார்கள். அவர்களோடு ஒரு சீசன் முழுக்கச் சுற்றியவள் நான். இன்னும் கோபம் ஆறவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கார் என்றேன். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு பெயர் மாற்ற வேண்டி வந்தபோது, "உனக்கு எதுக்குக்கா ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சல்?" என்று தம்பி தன் பெயருக்கே மாற்றிக்கொண்டான். மந்தைவெளியில் என் அடுக்குமாடியில் கார் நிறுத்த இடமில்லை; வேலைக்குப் போன வரைக்கும் தெருவோரம் நிறுத்திச் சமாளித்தேன். ஆழ்வார்பேட்டையில் அவன் வீட்டில் ஷெட் இருந்தது. ஆக நான் ஓய்வு பெற்றதும் வண்டி அங்கே, சாவி அங்கே, பெயரும் அவன் பெயர். ஆனால் அதை ஓட்டியவள் நான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை, மந்தைவெளியிலிருந்து அடையாறில் இருந்த பள்ளிக்கு இந்தக் காரில்தான் போய்வந்தேன். பூகோளம் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் இதுதான், சாந்தோம் பக்கம் ஒரு சாவு என்றாலும் இதுதான்.

சின்ன வயதில் வந்த போலியோவில் என் வலது கால் சூம்பிவிட்டது. நடக்கத் தடி வேண்டும். பிரேக்கையோ ஆக்ஸிலரேட்டரையோ மிதிக்கிற வலு அந்தக் காலுக்கு இல்லை. எனக்கு வேலை கிடைத்ததும் அப்பா ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இரும்பில் ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்தார். முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். கிளட்ச்சுக்கு இடது கால் இருக்கிறது. அவ்வளவுதான் ஏற்பாடு. அடையாறு பாலத்தில் மாலை நேர நெரிசலில் அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டு நான் ஊர்ந்த ஊரல் எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் ஏற முடியாத ஒருத்தி யாரையும் கெஞ்சாமல் வேலைக்குப் போனாள் என்றால் அந்த ஒற்றை இரும்பால்தான்.

தம்பி சங்கத்தில் சேர்ந்தபோது, "நீதான்க்கா ஓட்டணும். எனக்கு இந்த கியர் பிடிபடவே மாட்டேங்குது" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வண்டியைத் தொடுவதற்கே ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

முதல் ஊர்வலத்தன்று மைதானத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தடியை ஊன்றி இறங்கினேன். வரவேற்பில் நின்ற ஒருவர் என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்றார். நான்தான் என்றேன். சிரித்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "லேடீஸுக்குத் தனியா டிரஸ் போட்டி இருக்கு சார், சிஸ்டரைச் சேர்த்துவிடுங்க" என்றார். அந்தக் காலத்துப் பஃப் கை ரவிக்கை போட்டுக்கொண்டு, கையில் விசிறியோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சிரிப்பதற்கு ஒரு பரிசு. ஓட்டுகிற பெண்ணுக்கு எந்தப் பரிசும் கிடையாது, ஏனென்றால் அப்படி ஒருத்தி வருவாள் என்றே அவர்கள் நினைக்கவில்லை.

அதைவிட எனக்கு எரிச்சலூட்டியது லாரி. மைதானத்துக்கு ஒரு தெரு தள்ளி, புளியமரத்தடியில், லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. வந்திருந்த கார்களில் பாதி அவற்றின் முதுகில் ஏறி வந்தவை. சம்பளத்துக்கு வந்த டிரைவர்கள் அவற்றை இறக்கி, டயரில் மண் படாமல் துடைத்து, வாசல்வரை உருட்டிக்கொண்டு வருவார்கள். வாசலில் முதலாளி ஏறிக்கொள்வார். பேன்ட்டைத் தாங்கத் தோளில் பட்டைவார், தலையில் தொப்பி, வாயில் பற்ற வைக்காத பைப். உள்ளே நுழையும்போது கையை வேறு ஆட்டுவார். சாலையில் நன்றாக ஓடும் வண்டி என்று அன்று பரிசு வாங்கியதும் அப்படி லாரியில் வந்த ஒன்றுதான். மந்தைவெளி முனையில் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு ஓட்டி வந்த நான் கைதட்டிக்கொண்டு நின்றேன். மரியாதை தெரிந்த குடும்பம் பாருங்கள்.

பரிசு எப்படி என்றால், வண்டி கம்பெனியிலிருந்து வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதற்கு 'ஒரிஜினல்' என்று பெயர். நடுவர் ஒருவர் டார்ச் விளக்கோடு வருவார். பானட்டுக்குள் தலையை விடுவார், படுத்துக்கொண்டு அடியில் பார்ப்பார், ஒரு திருகு மாறியிருந்தாலும் மதிப்பெண் கழிப்பார். சரி, அது அவர்கள் விளையாட்டு, இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வண்டியில் அவர் நிறையத் தலையாட்டினார். அப்பா எதையும் மாற்றாத மனுஷர். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்தார்.

"இது என்ன மேடம், வெளியில வாங்கிப் போட்டதா?"

"இது என் வலது கால் சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், தடியைப் பார்த்தார். "ஓ, வெரி சாரி" என்றார். சொல்லிவிட்டு ஐந்து மதிப்பெண் கழித்தார். ஒவ்வொரு ஊர்வலத்திலும் அது நடந்தது. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற நீளக் காரில் டாஷ்போர்டுக்குள் ஏ.சி. ஒளிந்திருந்தது. இன்னொன்றில் பழைய ரேடியோவின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே ப்ளூடூத் வைத்திருந்தார்கள்; அதில் பழைய பாட்டு ஓடியது. அவற்றுக்கு ஏன் கழிக்கவில்லை என்று கேட்டேன். "அது வெளியே தெரியலையே மேடம்" என்றார். முதலாளி வியர்க்காமல் போவதற்கு வைத்ததை ஒளித்துவிட்டால் அது ஒரிஜினல். ஒரு பெண் வேலைக்குப் போவதற்கு வைத்தது கண்ணில் பட்டுவிட்டதால் அது குறை. என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படி ஒரு நியாயம் பேசியிருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்.

இத்தனைக்கும் எங்கள் வண்டி பட்டியலில் மேலே போய்க்கொண்டிருந்தது. தி. நகரில் நடந்த காட்சியோடு இரண்டாவது இடம். சீசன் முழுவதற்குமாக ஒரு பெரிய கோப்பை உண்டு. கடைசி ஊர்வலத்தில் ஐந்து மதிப்பெண் கழியாமல் இருந்தால் அது தம்பிக்குத்தான். வாழ்க்கையில் ஓட்டப் பந்தயத்தில்கூட ஒரு சோப்பு டப்பா வாங்காதவன் அவன். கண்ணில் ஒரு பளபளப்பு வந்துவிட்டது. சங்கத்துச் செயலாளர் அதைக் கவனித்துவிட்டார். மயிலாப்பூர் மாடவீதிக்காரர், பேச்சில் வெல்லம் கரையும். எங்கள் இருவரையும் காபிக்கு அழைத்துப் போனார்.

"தப்பா எடுத்துக்கப்படாது மேடம். அந்த லீவரை ஒரு நாள், ஒரே ஒரு நாள் கழட்டி வெச்சுடுங்கோ. எங்காத்து வண்டிக்கும் இதே ரூல்தான். ஓட்டறதுக்கு நல்ல டிரைவரா நானே அனுப்பறேன். நீங்க ஜம்முனு பக்கத்துல உக்காண்டு வாங்கோ."

"வண்டி ஒரிஜினலா இருக்கணும், ஓட்டறவ மட்டும் மாறலாமா சார்?" என்று கேட்டேன்.

"ஓட்டறவாளுக்கு மார்க் கிடையாதே மேடம்" என்றார். கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே விளக்கினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திரும்பி வரும் வழியில் தம்பியிடம் பச்சையாகச் சொன்னேன், "அதுல யாராவது கை வச்சா நான் சும்மா இருக்க மாட்டேன்." "சேச்சே, நான் அப்படிச் செய்வேனாக்கா?" என்றான்.

கடைசி ஊர்வலம் அடையாறு மைதானத்தில். அதற்கு முந்தின நாள் போன் செய்தான். "நீ இங்க வந்து எதுக்குக்கா கஷ்டப்படறே? நான் வண்டியை நேரா அடையாறுக்குக் கொண்டுவந்துடறேன். நீ ஆட்டோல வந்துடு." கியர் பிடிபடாதவன் எப்படிக் கொண்டுவருவான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி வரிசையில் நின்றிருந்தது. மைதானத்தில் இரு பக்கமும் கயிறு கட்டி, ஒரு கார் மட்டும் போகும் அகலத்தில் பாதை விட்டிருந்தார்கள். பாதையின் முடிவில் பூ சுற்றிய வளைவு. அதனடியில் கொடி அசைக்க ஒரு பிரமுகர். எங்களுடையது மூன்றாவது வண்டி. தடியைப் பின்னால் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வலது கை தன்னால் கீழே போனது. அங்கே ஒன்றுமில்லை. மறுபடியும் துழாவினேன். கைப்பிடி இருந்த இடத்தில் திருகு ஓட்டைகளை அடைத்துப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். விரலில் ஒட்டியது.

என் உடம்பிலிருந்தே எதையோ கழற்றிவிட்டது போலிருந்தது. அழுகை முதலில் வந்ததா கோபம் முதலில் வந்ததா என்று தெரியவில்லை. தம்பி ஜன்னலருகே வந்து குனிந்தான். அவனும் பட்டைவார் போட்டிருந்தான்.

"ஒரு நாள்தான்க்கா. சாயங்காலமே மாட்டிடறேன், சத்தியமா. டிரைவர் நிக்கறார் பாரு. நீ அந்தப் பக்கம் உக்காரு."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்க மாட்டேக்கா."

"அதுக்குத்தானேடா கேக்கறது!"

சாவியைப் பிடுங்கி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். முன்னால் நின்ற இரண்டு கார்களும் கொடி வாங்கிக்கொண்டு போய்விட்டன. நான் அசையவில்லை. பின்னால் வரிசையில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். எல்லாம் ஒரிஜினல் ஹாரன்கள், ஒவ்வொன்றும் ஒரு தினுசாகக் கத்தியது. ஒரு காரின் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. கயிற்றுக்கு அப்பால் டீ விற்றுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், வண்டி மக்கர் பண்ணிக்கினு கீதா?" என்றார். "வண்டி நல்லாதான் இருக்கு. ஆளுங்கதான் மக்கர்" என்றேன். செயலாளர் ஓடி வந்தார். வெல்லம் எல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது.

"சீஃப் கெஸ்ட் வெய்ட் பண்ணிண்டிருக்கார் மேடம்! தயவு பண்ணி எறங்குங்கோ."

"இது நான் ஓட்டுகிற வண்டி. ஓட்டுகிற மாதிரி இருந்தால் ஓட்டுவேன். இல்லையென்றால் இங்கேயே இருப்பேன்" என்றேன். வகுப்பில் பேசுகிற தமிழ் அதுவாகவே வந்துவிட்டது. அவர் இரண்டு கையையும் விரித்துத் திரும்பி, "மேடத்தோட சேத்தே ஓரமா தள்ளிடுங்கோப்பா" என்றார். கயிற்றை ஓரிடத்தில் அவிழ்த்தார்கள். தம்பியோடு ஐந்தாறு பேர் பின்னால் போய்க் கை வைத்தார்கள். எல்லாரும் வெள்ளை பேன்ட். நான் ஹேண்ட்பிரேக்கை இறக்கி, கியரை நியூட்ரலில் விட்டேன். ஒத்துழைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வண்டி நகர்ந்தது. ஓரத்துக்கு ஒடிக்க வேண்டிய இடத்தில் நான் ஒடிக்கவில்லை. ஸ்டியரிங் என் கையில் இருந்தது. நேராகப் பிடித்தேன், வளைவைப் பார்த்து. பின்னால் தலை குனிந்து தள்ளுகிறவர்களுக்கு எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. அங்கிருந்து வளைவு வரைக்கும் தரை கொஞ்சம் சரிவு. வண்டி தன் பாட்டுக்கு உருளத் தொடங்கியது. வண்டி வருவதைப் பார்த்ததும் அறிவிப்பாளர் கையிலிருந்த அட்டையை எடுத்து, உரிமையாளர் என்று தம்பியின் பெயரைச் சொல்லி, "முழுக்க முழுக்க ஒரிஜினல், நல்ல ஓட்டத்தில் உள்ள வண்டி!" என்று முழங்கினார். எஞ்சின் சத்தமே இல்லாமல் வந்த வண்டிக்குப் பிரமுகர் கொடியை அசைத்தார். பேண்டு வாசித்தது. நான் கையை ஆட்டினேன்.

வளைவைத் தாண்டியபோதுதான் அவர்களுக்கு உறைத்தது. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். தம்பி மட்டும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான்.

"அக்கா, பிரேக்! பிரேக் போடுக்கா!"

"எதால போட? பிரேக்கைத்தான் நீ வீட்ல கழட்டி வச்சிட்டு வந்திருக்கியே."

அவன் முகம் போன போக்கை எப்படிச் சொல்ல. கழற்றியது என்ன என்று அந்த நிமிஷம்தான் அவனுக்குத் தெரிந்தது. அதுவரை அவனுக்கு அது ஐந்து மதிப்பெண். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வாசலுக்கு முன்னால், வெளியே போகிற வழியை முழுசாக அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. பின்னால் மறுபடியும் ஹாரன்கள். அவன் மூச்சு வாங்க நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதே. போய் எடுத்துட்டு வா" என்றேன்.

பட்டைவார் ஒரு பக்கம் தொங்க, ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினான். அவன் கைப்பிடியோடு வந்து சேரும்வரை நான் அந்த இருக்கையை விட்டு இறங்கவில்லை.