சந்தேகப் பிராணியும் சலவைக்கடை சுவிட்சும்

என் அண்ணனுக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் சந்தேகப் பிராணி. பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பான். அணைத்த அடுப்பைக் குனிந்து பார்ப்பான். "கட்டிக்கிட்ட நாளா நான் ஒருத்திதான் சோதனையில தேறினவ" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். தொழில் எலக்ட்ரீஷியன். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இவன் அரை நாள் இழுப்பான், கேட்டால் கோபம் வேறு வரும்.

நானும் என் வீட்டுக்காரரும் சலவைக்கடை நடத்துகிறோம். முன்னறையில் இஸ்திரி மேசை, பின்னறையில் துவைக்கும் மெஷின். தரை எந்நேரமும் ஈரம்தான். இவருக்கோ காலில் செருப்பு தங்காது. ஈரத்தரை, வெறுங்கால், கையில் இஸ்திரிப் பெட்டி. பார்க்கும்போதெல்லாம் செருப்பை எடுத்துக் காலடியில் போடுவேன். சொன்னால், "அதான் சுவத்துல காவல்காரன் இருக்கான்ல" என்பார்.

காவல்காரன் என்று அவர் சொல்வது ஆர்.சி.சி.பி. சுவிட்சை. எங்கேயாவது கரண்ட் கசிந்து ஓர் ஆளின் உடம்பு வழியே தரைக்கு இறங்கினால், கண் இமைக்கும் நேரத்தில் மொத்த லைனையும் துண்டித்துவிடும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. காலையில் கடை திறந்ததும், மெஷினை ஓட விடுமுன், இவர் அதை அமுக்குவார். டக்கென்று விழும். இவருக்கு அது போதும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் விழுகிறது என்பதைப் பொத்தான் சொல்லாது, மீட்டர்தான் சொல்லும். அதற்காக அண்ணன் வருடத்துக்கு ஒரு முறை வருவான்.

வந்ததும் முதல் வேலையாக எல்லாப் பிளக்கையும் பிடுங்கச் சொல்வான். சோதிக்கும்போது லைனில் எந்தச் சாமானும் இருக்கக்கூடாது, இருந்தால் அளவு குழம்பும் என்பது அவர்கள் தொழில் வழக்கம். இந்த முறை நான் விடவில்லை. ஒரு விடுதியின் விரிப்புகள் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. பிளக்கோ மெஷினுக்குப் பின்னால் இருந்தது.

"மெஷினை நகத்தவே கூடாது. கரண்ட் போனாலும் திரும்ப வந்ததும் விட்ட எடத்துலேருந்து அதுவே ஓடும். நீ பாட்டுக்குப் பாத்துட்டுப் போண்ணே" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரி மேசைப் பக்கத்து பாயின்டில் மீட்டரைச் செருகி அமுக்கினான். சுவிட்ச் விழவில்லை. மறுபடி அமுக்கினான். முன்னூறு மில்லி செகண்டுக்குள் விழ வேண்டியது, அசையாமல் நின்றது.

"செத்துப்போச்சு" என்றான். புதுசு வாங்கி வந்து மாட்டினான். அதுவும் விழவில்லை. வேறு கடையிலிருந்து இன்னொன்று வந்தது. அதுவும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"மச்சான், ஒங்க மீட்டருக்குத்தான் வயசாயிடுச்சு" என்று இவர் சீண்டினார்.

அண்ணன் மீட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தையல்கடைக்குப் போனான். அங்கே அமுக்கியதும் சுவிட்ச் சட்டென்று விழுந்தது. கரண்ட் போன கடுப்பில் தையல்காரர் திட்டியதையும் வாங்கிக்கொண்டு வந்தான். மீட்டர் நல்ல மீட்டர்தான். எங்கள் சுவிட்சிலிருந்து வெளியே போகும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலேயே வைத்துச் சோதித்தான். அதுவும் பழுதில்லை. அப்படியென்றால் கோளாறு லைனில்.

கடைசியில் மெஷினை நகர்த்தியே தீர வேண்டியதாயிற்று. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பிளக்கைப் பிடுங்கினோம். மீட்டரை அமுக்கினான். டக். சொன்ன நேரத்துக்குள் விழுந்தது.

"அவ்ளோதான்! பாஸாயிடுச்சு, மூட்டையைக் கட்டுங்க மச்சான்" என்றார் இவர்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "மெஷின் இல்லாமயா மாப்ள சலவைக்கடை நடத்தப்போறீங்க?"

பிளக்கைத் திரும்பச் செருகினான். மெஷினை நிறுத்தி வைத்துச் சோதித்தபோது சுவிட்ச் ஒழுங்காக விழுந்தது. டிரம் வேகமெடுத்துச் சுற்ற ஆரம்பித்ததும் சோதித்தான். விழவில்லை. அப்போது அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன்.

"இது வேகத்தைக் கூட்டிக் கொறைக்கிற மோட்டார். அதோட போர்டு கெட்டு, பேட்டரில வர்ற மாதிரி டி.சி. கரண்டு கசியுது. சாதா சுவிட்சுக்கு டி.சி. ஆகாது, மரத்துப்போயிடும். சளி புடிச்ச மூக்குக்குக் கருகல் வாசனை தெரியுமா? போன வருசம் நானே பிளக்கைப் புடுங்கிட்டுப் பாஸ்னு சொல்லிட்டுப் போனேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மெஷின் ஓடாத நேரத்தில்தான் பொத்தானும் வேலை செய்தது, மீட்டர் சோதனையிலும் சுவிட்ச் தேறியது. அது ஓடும் நேரத்தில், அதாவது இவர் வெறுங்காலோடு இஸ்திரி போடும் நேரத்தில், காவல்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் அன்றைக்குப் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் இந்த வருடமும் பாஸ்தான். என் பிடிவாதத்தால் ஒரு நல்லது நடந்தது அதுதான் முதல் தடவை என்று அண்ணன் இன்றைக்கும் குத்திக்காட்டுகிறான்.

மெஷினுக்குத் தனி லைன் இழுத்து, டி.சி. கசிவையும் கண்டுபிடிக்கும் வேறு வகை சுவிட்சை அதற்கென்று மாட்டினான். மெக்கானிக் வந்து போர்டை மாற்றினார். மெஷின் முழு வேகத்தில் ஓட, இரண்டு சுவிட்சையும் திரும்பத் திரும்ப விழ வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் கிளம்பினான். "கல்லு மாதிரி இருக்கு மச்சான், போதும்" என்று இவர் கும்பிடாத குறை.

பத்து நாள் போயிருக்கும். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில் "ஆ" என்று ஒரு சத்தம், கூடவே டக். ஃபேன் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இவர் சுவரோடு சாய்ந்து கையை உதறிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியின் ஒயர், பெட்டியோடு சேரும் இடத்தில் வெடித்து உள்கம்பி தெரிந்தது. ஈரக் கை அதில் பட்டிருக்கிறது.

"ஊசி குத்தின மாதிரி இருந்துச்சு, அவ்ளோதான்" என்றார். சொல்லிவிட்டு, அழுக்குத்துணி மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அண்ணன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "சொன்ன டயத்துக்குள்ள விழுந்துச்சாம்மா?" என்றான்.

"அதெல்லாம் யாருண்ணே பாத்தா? நான் போறப்ப அவரு நின்னுக்கிட்டுதான் இருந்தாரு" என்றேன்.