பவுடரின் இடது முன்னங்கால்

ஜரினாவுக்குக் குதிரை மேல் ஆசை ஒன்றும் இருந்ததில்லை. மகள் ஹிபாவை முத்தாபுதுப்பேட்டைப் பக்கமுள்ள குதிரையேற்றப் பள்ளியில் சேர்த்துவிட்டு, வகுப்பு முடியும்வரை வேலிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். மூன்றே மாதத்தில் ஹிபாவுக்கு அலுத்துவிட்டது. மீதி வகுப்புகளை வீணாக்க வேண்டாமென்று ஜரினாவே ஏறிப் பார்த்தார். அது நடந்து பதினோரு வருஷமாகிறது. இப்போதும் பூந்தமல்லியிலிருந்து தினமும் காலையில் ஸ்கூட்டியில் வருகிறார். அங்கே டிரெஸ்ஸாஜ் குதிரைகளைப் பழக்குவது அவர்தான்.

டிரெஸ்ஸாஜில் வேகத்துக்கு வேலையில்லை. மணல் போட்ட களத்தில் குதிரை தாளம் தப்பாமல் நடக்க வேண்டும், ஓட வேண்டும், வட்டம் வர வேண்டும், சொன்ன இடத்தில் நான்கு காலையும் சேர்த்து நிற்க வேண்டும். மேலே இருப்பவர் என்ன சொன்னார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியவே கூடாது.

பவுடர் என்பது பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு வெள்ளைப் பெண்குதிரை. அதை வாங்கிய நிர்மல் திருநெல்வேலிக்காரர், ஐ.டி. வேலை, காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட். டிசம்பர் முதல் வாரம் பெங்களூரில் அவருக்கு முதல் போட்டி. அதற்காக ஜரினா பவுடரை ஒரு வருஷமாகப் பழக்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் கடைசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. களம் மேலே காய்ந்து தெரிந்தது. அடியில் சேறு இருக்கும் என்று ஜரினாவுக்குத் தெரியும். நாலு நாள் பயிற்சி போய்விட்டதே, இருபது நிமிஷம்தானே என்று ஏறினார். வலப்பக்க வட்டத்தில் பவுடரின் இடது முன்னங்கால் கணுவரை புதைந்து வெளியே வந்தது. அப்போதே இறங்கியிருக்கலாம். இன்னும் இரண்டு வட்டம் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் துலுக்கானம் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

“ஜரினாம்மா, பவுடரு மண்டைய ஆட்டிகினே வருது. இன்னா ஆச்சுன்னு தெரில.”

மாட்டு டாக்டர் ஒருவர் வந்து காலை அழுத்திப் பார்த்தார். தசைநாரில் லேசான பிடிப்பு, பெரிதாக ஒன்றுமில்லை என்றார். ஆறு வாரம் கெட்டியான சமதரையில் நடை மட்டும். மணல், சேறு பக்கமே போகக்கூடாது.

“எப்படி ஆச்சு மேடம்?” என்று நிர்மல் போனில் கேட்டார்.

“மழைத் தரை, தம்பி” என்றார் ஜரினா. அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பள்ளிக்குப் பின்னால் விற்காமல் கிடந்த மனைப்பிரிவில் நல்ல தார் ரோடு இருந்தது. தினமும் அதில் பவுடரைப் பிடித்து நடத்தினார். பூந்தமல்லியில் வெயிலாக இருக்கும். ஆவடி தாண்டினால் ஊற்றும். சில நாள் மழைக்கோட்டோடு நடப்பார், சில நாள் லாயத்திலேயே நின்று காலுக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்.

மூன்றாவது வாரம் நிர்மல் வந்தார். தார் ரோட்டில் பவுடரைக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டச் சொன்னார். துலுக்கானம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். குதிரை நேராக, சுத்தமாக ஓடியது.

“நல்லாத்தானே இருக்கு? போட்டிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு, மேடம்.”

ஜரினா பவுடரை ஈர மணலுக்குக் கூட்டிப்போய் வலப்பக்கமாக ஒரே ஒரு வட்டம் ஓடவிட்டார்.

“தலையைப் பாருங்க. வலிக்கிற கால் ஊனும்போது மேல தூக்கும்.”

நிர்மல் பார்த்தார். இடது கால் படும்போதெல்லாம் தலை எழுந்தது.

“அன்னைக்கு ஏறினது நான்தான், தம்பி” என்றார் ஜரினா. “அடியில சேறுன்னு தெரிஞ்சேதான் ஏறினேன். கால் புதைஞ்சப்புறமும் நிறுத்தல.”

“போன்ல சொல்லலையே.”

“சொல்லல.”

நிர்மல் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலையே போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. வேறு எதுவும் எழுதவில்லை. குதிரையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார் என்று ஜரினா நினைத்தார். பவுடரின் சாப்பாடு, பழக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை நிர்மல் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை தூறலில் வந்து, துலுக்கானத்தின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

“எத்தனை ரவுண்டு மேடம்?”

“நாலு. மெதுவா.”

நடந்ததைப் பற்றி அதன்பின் இருவரும் பேசவில்லை. ஜனவரியில் பவுடர் மணலுக்குத் திரும்பியது. மார்ச்சில் பள்ளியிலேயே நடந்த சிறு போட்டியில் நிர்மல் ஐம்பத்தெட்டு சதவீதம் எடுத்தார். எட்டுப் பேரில் ஐந்தாவது இடம். நடைக்கு மட்டும் நடுவர் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்.

மழைக்குப் பிறகு ஜரினா இப்போது ஒரு இரும்புக் கம்பியோடு களத்துக்குள் போகிறார். பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பார்க்கிறார். கம்பி சுலபமாக இறங்கினால் அன்று யாரும் ஏறக்கூடாது.