ஓயில் வடிந்த சனிக்கிழமை

அக்காவுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது எங்கள் வீட்டில் அதிகம் மகிழ்ந்தவள் நான்தான். நாட்டுக்கு ஒரு தாதி கிடைக்கப்போகிறாள் என்பதற்காக அல்ல. எனக்கு ஒரு கட்டில் கிடைக்கப்போகிறது என்பதற்காக. ஜன்னலோரக் கட்டில். அதில் படுத்தால் வாவிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். நானோ அதுவரை அம்மாவின் தையல் மெசினுக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு பாயில் கிடந்தவள். எட்டு வயதுக்காரிக்கு அதைவிடப் பெரிய நியாயம் என்ன வேண்டும்?

திங்கட்கிழமை காலை அக்கா கண்டியில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் மட்டக்களப்பு நகரிலிருந்து பஸ் ஏறுவதாக ஏற்பாடு. எங்கள் வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைப் பாலம் தாண்டி, அப்பாவின் பழைய ஜப்பான் காரில் நகருக்குப் போவோம். அன்று காலை நான் தலையணையைக்கூடக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு வெளியே வந்தால், கார் ஜாக்கில் ஏறி நின்றது. கீழேயிருந்து அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

அந்தக் கார் திரும்பும்போதெல்லாம் முன்சில்லில் கடக் கடக் என்று ஒரு சத்தம் வரும். அப்பா ‘எக்ஸில்’ என்று சொல்லும் அச்சுத்தண்டு தேய்ந்துவிட்டது. புதியதை வாங்கி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து எத்தனையோ நாளாயிற்று. அப்பாவுக்கு ஞானம் பிறந்தது அந்தச் சனிக்கிழமை காலையில்தான்.

“பாலத்துக்கு நடுவில எக்ஸில் உடைஞ்சா என்ன செய்யிற?” என்று காருக்கு அடியிலிருந்து கேட்டார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

எனக்குக் கவலை வரவில்லை. உழவு மெசினைக் காலையில் பிரித்து, மத்தியானத்துக்குள் பூட்டி, வயல் வட்டைக்கு ஓட்டிப் போய்விடும் மனிதர் அவர். அச்சைக் கழற்றுமுன் கியர்ப்பெட்டியில் உள்ள ஓயிலை வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சு நின்ற ஓட்டையால் அவ்வளவும் வாசல் மணலில் கொட்டிவிடும் என்று அவர் சொன்னது எனக்கும் விளங்கியது. அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். சிவப்பு ஓயில் மளமளவென்று பழைய அலுமினியச் சட்டிக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நூல்போல மெலிந்தது. பிறகு சொட்டத் தொடங்கியது.

அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

“முடிஞ்சுதா அப்பா?”

“வடியுது மகள். கடைசிச் சொட்டும் விழ வேணும்.”

நான் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுவதா வேண்டாமா என்று யோசித்து, ஒருவழியாக விழுந்தது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அடுத்தது யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

நல்ல நேரம் பார்க்காமல் சந்தைக்கும் போகாத அம்மா, பஞ்சாங்கத்தில் குறித்து வைத்த நேரம் கடந்து போனதைக் கண்டுகொள்ளவே இல்லை. பஸ்ஸில் சாப்பிடக் கட்டியிருந்த சோற்றுப் பார்சலை அவிழ்த்து, கூடவே தயிர்ச் சட்டியையும் எடுத்து வைத்தார். முதலில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்ற அக்கா, பயணச் சட்டையை மாற்றிவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். இருவரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். அது ஓயிலைப் பற்றிய பேச்சாகத் தெரியவில்லை.

இனிப் பொறுக்க முடியாது என்று பக்கத்து வளவுக்கு ஓடினேன். அங்கே இருந்த அண்ணன் கராஜில் வேலை செய்பவர். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

“மாமா, இது போதுமே. போல்ட்டப் பூட்டுங்க, நான் எக்ஸில இழுத்துத் தாறன். மத்தியான பஸ்ஸயே புடிக்கலாம்.”

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அப்பா சுத்தமாக இருந்த கையைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அப்பாவைப் பார்த்தார். வீட்டுச் சட்டையில் குந்தியிருந்த அக்காவைப் பார்த்தார். கதவடியில் நின்ற அம்மாவையும் பார்த்தார்.

“ஓம் மாமா, வடியட்டும்” என்றார் பிறகு. “கடைசிச் சொட்டும் போனாத்தான் நல்லம்.”

சொன்னதோடு நில்லாமல், எங்களோடு உட்கார்ந்து தயிரும் சோறும் தின்றுவிட்டுப் போனான் அந்தத் துரோகி.

பஸ் போயிருக்கும் என்று எல்லோருக்கும் நிச்சயமான பிறகு அப்பா எழும்பினார். போல்ட்டைப் பூட்டினார், அச்சை மாற்றினார், புது ஓயிலை ஊற்றினார். பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்தது. “இனி நாளைக்குத்தான்” என்று மிகவும் கவலையாகச் சொன்னார். அந்தக் கவலையை நான் நம்பினேன். வீட்டில் நம்பியது நான் மட்டுந்தான்.

மறுநாள் கார் சத்தமே இல்லாமல் பாலத்தைக் கடந்து அக்காவைக் கொண்டுபோய் விட்டது. கட்டில் எனக்குக் கிடைத்தது. காற்றும் கிடைத்தது. நாலு நாள் படுத்துப் பார்த்துவிட்டு, நானாகவே பாயை எடுத்துத் தையல் மெசினுக்குக் கீழே விரித்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, பெட்டியோடு வாசலுக்கு வந்தேன். கார் ஜாக்கில் ஏறி நின்றது. முந்தின நாள் அதை ஓட்டியவள் நான்தான். ஒரு குறையும் இருக்கவில்லை. அடியிலிருந்து அப்பாவின் கால்கள் தெரிந்தன. சட்டிக்குள் சிவப்பு ஓயில் சொட்டத் தொடங்கியிருந்தது.

சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.