காரணம் கேட்டால் தேநீர்

அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தரப்பட்ட பணி, மறுப்புக் கடிதங்களை எழுதுவது. சில மாதங்களுக்கு முன் அதே அலுவலகத்திலிருந்து அப்படியொரு கடிதம் எனக்கும் வந்திருந்தது.

முதுகலை இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நானும் என் தோழி மௌஷுமியும், ஆய்வேடுகளை டைப் செய்து பிழைதிருத்தித் தரும் டிடிபி சென்டர் ஒன்றைத் தொடங்க விரும்பினோம். கரியாஹாட்டில் ஒரு மாடியறையையும் பேசி வைத்திருந்தோம். கம்ப்யூட்டருக்கும் லேசர் பிரிண்டருக்கும் பணமில்லை. புதுத் தொழில்களுக்கு உதவும் அலிப்பூர் நிதி அலுவலகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தோம். பரிசீலித்தோம், வருந்துகிறோம் என்று ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது.

குறை என்னவென்று தெரிந்தால் திருத்தி மறுபடி அனுப்பலாம். துர்கா பூஜை விடுமுறை முடியும்வரை அறையை வேறொருவருக்கு விடுவதில்லை என்று வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே காரணம் கேட்கப் போனேன். மேனேஜர் கதிரேசன் மதுரைக்காரர். என் பெயரைக் கேட்டதும் வங்க மொழியிலிருந்து தமிழுக்கு மாறினார்.

"வீடு லேக் மார்க்கெட் பக்கமா? உக்காரும்மா. மொதல்ல டீ சாப்பிடு."

மண்குவளையில் தேநீர் வந்தது. தமிழர்கள் நிறைந்த எங்கள் பகுதியில் நல்ல காப்பித்தூள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். என் ஆங்கிலத்தைப் பாராட்டினார். காரணத்தைக் கமிட்டியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த முறையும் அதுவே நடந்தது. மூன்றாம் முறை மௌஷுமி உடன் வந்தாள். திரும்பும் வழியில், தேநீர் நன்றாக இருந்தது என்று மட்டும் வங்க மொழியில் சொன்னாள்.

பூஜை முடிந்தது. அறை ஒரு ஹோமியோபதி மருத்துவருக்குப் போயிற்று. மௌஷுமி பள்ளி வேலைக்குப் போனாள். கடிதம் எழுதும் கிளார்க் விலகிவிட்டதாகக் கதிரேசன் என்னை அழைத்தபோது நான் மறுக்கவில்லை. உள்ளே போனால் காரணம் தெரியும் என்று நம்பினேன்.

முதல் நாள் ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் படித்து, ஒவ்வொரு கடிதத்திலும் குறையை இரண்டு வரிகளில் எழுதினேன். கதிரேசன் அந்த வரிகளையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

"காரணம் எழுதினா, அதைச் சரி பண்ணிட்டு மறுபடி வருவாங்கம்மா. வருத்தத்த மட்டும் எழுது. வருத்தத்துக்கு யாரும் பதில் போட முடியாது."

"எங்க அப்ளிகேஷன்ல என்ன குறை, சார்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "பேக்கரிக்குக் கேட்டது நீங்கதானே?"

அன்று பிற்பகல், எங்களுக்கு வந்ததைப் போன்ற கடிதத்துடன் ஓர் இளைஞர் வந்து காரணம் கேட்டார். கதிரேசன் அன்போடு நாற்காலியைக் காட்டிவிட்டு, மணியை அழுத்தி இரண்டு டீ சொன்னார்.

பிறகு நான் பல அலுவலகங்களில் பணியாற்றிவிட்டேன். விண்ணப்பிக்கும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: பதிலுக்கு முன் தேநீர் வந்தால், குடித்துவிட்டு அன்றே வேறு கதவைத் தட்டுங்கள். அந்த நாட்களில் நாங்கள் ஒரு வங்கியைக்கூட அணுகியிருக்கவில்லை. காரணத்துக்காகக் காத்திருந்தோம்.