கண் தெரியாதவர் பார்த்த வாள்சண்டை

படங்கள் பேசாத காலத்தில் அவற்றுக்காக நான் பேசிக்கொண்டிருந்தேன். பகலில் பினாங்குத் துறைமுகக் கிடங்கொன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. சாயங்காலம் சினிமாக் கொட்டகையில், திரைக்குப் பக்கத்தில் நின்று, இடையிடையே வரும் ஆங்கில எழுத்துகளைத் தமிழில் சொல்லுவேன். சண்டை வந்தால் நானாகவும் கொஞ்சம் சேர்த்துவிடுவேன்.

அந்த வருஷம் ஷாங்காயிலிருந்து ஒரு வாள்சண்டைப் படம் வந்தது. போரில் கண்ணை இழந்த சிப்பாய் ஊர் திரும்புகிறான். ஊரைப் பிடித்து வைத்திருக்கும் கொள்ளைக்காரர்களைக் காலடிச் சத்தத்தை வைத்தே வெட்டிச் சாய்க்கிறான். நல்ல கூட்டம்.

அந்தப் படத்துக்குத்தான் அவர் வர ஆரம்பித்தார். பட்டாளத்தில் இருந்தபோது பஸ்ரா சண்டையில் வெடிமருந்து முகத்தில் அடித்துக் கண் போனவர். சுங்கை பினாங்கில் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, கண் போனதற்காகச் சர்க்கார் பென்ஷன் வாங்கினார். தங்கை வாசல்வரை கொண்டுவந்து விட்டுப்போவாள். முன்வரிசையில் எனக்கு நேரே உட்காருவார். என் குரலுக்காகத்தான் வருகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சண்டைக் காட்சியில் வாயே திறக்கவில்லை. அப்போது பார்த்தேன்: வாள் இடப்பக்கம் பாய்ந்தால் அவர் தலையும் இடப்பக்கம் சாய்ந்தது.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் பாயிடம் சொன்னேன். "பாய், அந்த மனுஷனுக்குக் கண்ணு தெரியுது."

பாய் சிரிக்கவில்லை. "எனக்கும் சந்தேகம்தான், கிராணியாரே. நேத்து வழியில பெஞ்சை இழுத்துப் போட்டு வச்சேன். முட்டிக்கிட்டாரு. ஆனா முட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் தயங்குன மாதிரி இருந்துச்சு."

அதற்குப் பிறகு நான் படத்தைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன். செத்தவனைப் பேச வைத்துவிட்டு ஜனங்களிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் ஒருநாள், ஆட்டம் முடிந்தும் தங்கை வராமல் அவர் காத்திருந்தபோது, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நான் சொல்லாத இடமும் உங்களுக்குப் புரியுதே?"

அவர் கை கைத்தடியை இறுக்கிப் பிடித்தது. கடைசி ஆளும் வெளியே போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வெளியில எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை, தம்பி. இந்த இருட்டுல மட்டும் அந்தத் துணி மேல என்னமோ அசையுது. ஆளா மரமான்னு தெரியாது. அசையுது, அவ்வளவுதான். அதுக்குத்தான் வர்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கள யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பல, அண்ணே."

"கிராணின்னாங்க. எந்த ஆபீஸ்?"

கிடங்கின் பெயரைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. தங்கை வந்ததும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

பிறகு அவர் வரவில்லை. சில வாரம் கழித்துத் தங்கை மட்டும் வந்து, வாசலில் என்னையும் பாயையும் நிறுத்தினாள்.

"எங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியுதுன்னு பென்ஷன் ஆபீஸ் துரைகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. டாக்டரக் கூட்டிட்டு வந்து கண்ணுக்குள்ள விளக்கப் பிடிச்சாங்க. கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட இமைக்காம உட்காந்திருந்தாரு. பென்ஷன் தப்பிச்சுது. ஆனா இப்ப வீட்டுல விளக்கு ஏத்தினாலே மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிறாரு. உங்கள்ல யாரு?"

"சத்தியமா நான் இல்லம்மா," என்றேன். அதையே பாயும் சொன்னார். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாயிடம் தவிர நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பாயும் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை என்றார். அதோடு ஆட்டத்துக்கு முன் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் நின்றது. அவர் வாசலிலும் நான் திரையோரத்திலுமாக நாட்கள் போயின.

பேசும் படம் வந்து எனக்கு வேலை இல்லாமல் போன அன்று பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொல்லல, கிராணியாரே."

"நானும் சொல்லல, பாய்," என்றேன். இன்னும் ஏதாவது சொல்லுவாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராம் வந்தது, ஏறிக்கொண்டேன்.