மஞ்சள் துணியில் முடிந்த காசு

என் பெரியம்மாவை நான் ஒரு முறை காட்டிக்கொடுத்திருக்கிறேன். அதுவும் பொய் சொல்லி அல்ல, உண்மையைச் சொல்லி. அப்போது எனக்கு எட்டு வயது. உண்மை பேசும் பிள்ளை என்று வீட்டில் பெயரெடுத்திருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள யாரை வேண்டுமானாலும் மாட்டிவிடத் தயாராக இருந்தேன்.

சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் ரோட்டிலிருந்து மலை வரைக்கும் திராட்சைப் பந்தல்தான். பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து தோட்டம் வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகப்போவதாகப் பெரியம்மா சொன்னாள். செம்பட்டி வழியாக மூன்று நாள் நடை. பெரியம்மாவோ கனத்த உடம்புக்காரி. வலது முழங்காலில் தீராத வலி. மாவு மில்லுக்குப் போய்வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

“எதுக்கு வேண்டியிருக்க?” என்று பெரியப்பா கேட்டார்.

“வேண்டுனத முடிக்கிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது.”

“செம்பட்டி தாண்டுறதுக்குள்ள உன்னைய ஆம்புலன்சுல ஏத்திருவாக. அதுவும் சேத்து வேண்டியிருக்கியா?”

நடையைப் பற்றிப் பேசப் பெரியப்பாவுக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்த வசதி வந்ததிலிருந்து அவர் தோட்டத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டிருந்தார். போனாலும் மொபட்டில்தான் போவார். ஆனாலும் பரீட்சை வைத்தது அவர்தான். பந்தல் வழியே மலையடிவாரத்துக் கருப்பசாமி கோயில் வரைக்கும் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். நடுவில் எங்கேயும் உட்காரக் கூடாது. உட்காராமல் வந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். உட்கார்ந்தால் பெரியம்மா பழனிப் பேச்சை எடுக்கக் கூடாது.

“சாட்சிக்கு இந்தத் தாயி வரும். இது பொய் சொல்லாது” என்று என் தலையில் கை வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச புள்ள, அம்புட்டு தூரம் நடக்குமா?” என்று அம்மா இழுத்தாள். ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்திருந்தேன். எனக்கு அதில் நினைவிருந்தது ரொட்டியும், பக்கத்துக் கட்டில் பிள்ளை வைத்திருந்த பொம்மைக் காரும்தான். நடப்பேன் என்று குதித்தேன்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். பெரியம்மா செருப்புப் போடவில்லை. பழனிக்குப் போகும்போது போடக் கூடாதாம், அதற்கு இப்போதே பழக வேண்டுமாம். இடுப்பில் ஒரு சின்ன மஞ்சள் துணியைச் செருகியிருந்தாள். அதன் முனையில் ஏதோ முடிந்திருந்தது. அவளைப் பார்த்து நானும் முதல் தோட்டத்து மோட்டார் ரூம் வாசலிலேயே என் பொங்கல் செருப்பைக் கழற்றி ஒளித்து வைத்தேன். செருப்பில்லாமல் நடந்தால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். “வேணாண்டி, போட்டுக்க” என்று பெரியம்மாவும் சொன்னாள். நான் கேட்கவில்லை.

கல்தூண்களுக்கு மேல் கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படர்ந்திருக்கும். உயரமான ஆட்கள் குனிந்துதான் நடக்க வேண்டும். பெரியம்மா குள்ளம் என்பதால் தலையில் கொத்து இடிக்காமல் நிமிர்ந்தே நடந்தாள். கொத்துகள் கறுத்துத் தொங்கின, மேலே மருந்துச் சாம்பல் வெளுப்பாகப் படிந்திருந்தது. மூன்றாவது தோட்டத்தில் காய் வெட்டு நடந்தது. பெண்கள் கத்தரியால் கொத்தை நறுக்கி, பேப்பர் விரித்த டப்பாக்களில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஏத்தா, வேர்த்து ஊத்துது. செத்த நேரம் உக்காந்துட்டுப் போங்க” என்றாள் அதில் ஒருத்தி.

“உக்காந்தா எங்க வீட்டுக்காரரு செயிச்சிருவாரு” என்றாள் பெரியம்மா, நிற்காமலே.

எனக்கு மட்டும் ஒரு கொத்துக் கிடைத்தது. பெரியம்மா அதைத் தண்ணீர்த் தொட்டியில் நாலு தடவை அலசிய பிறகுதான் தின்ன விட்டாள். வலி கூடும்போதெல்லாம் ஏதாவதொரு கல்தூணில் சாய்ந்து நின்றாள். சாய்வது உட்காருவதில் சேருமா என்று நான் ஒவ்வொரு தடவையும் யோசித்தேன். சேராது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கோயிலில் நின்றபடியே கும்பிட்டு, நின்றபடியே தண்ணீர் குடித்து, திரும்பினோம். அவள் ஜெயித்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாட்சிக்கு வேலையில்லாமல் போவதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

திரும்பும் வழியில் என் காலில் கருவேலமுள் ஏறியது. சாதாரணமாக ஏறவில்லை, குதிகாலில் முழுசாக இறங்கிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த மைனாக்கள் பறந்தன. பெரியம்மா என்னைத் தூணோடு சாய்த்து, ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். நின்றுகொண்டே எடுக்க முடியுமா என்று நாலைந்து தடவை முயன்றாள். நான் காலை உதறினேன். முள் இன்னும் உள்ளே போனது. சுற்றுமுற்றும் பார்த்தாள், ஆள் யாரும் இல்லை.

பிறகு செம்மண்ணில் அப்படியே உட்கார்ந்தாள்.

என் காலை மடியில் வைத்து, தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பொறுமையாக முள்ளைத் தோண்டி எடுத்தாள். எருக்கு இலையைக் கிள்ளிப் பால் வைத்தாள். உட்கார்ந்தது பெரிசில்லை, எழுந்ததுதான் பெரும்பாடு. தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். மீதித் தூரத்தில் பாதிக்கு மேல் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் நொண்டியதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம்.

இத்தனைக்கும் பிறகு நான் அவளைக் காட்டிக்கொடுத்தேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு பாட்டில் கலர் சோடா. ரோட்டோரப் பெட்டிக்கடையில் வாங்கித் தரச் சொன்னேன். காசு கொண்டுவரவில்லை என்றாள். நான் அவள் இடுப்பைக் காட்டினேன். மஞ்சள் துணியில் ரூபாய்க் காசு முடிந்திருந்தது துணிக்கு மேலேயே வட்டமாகத் தெரிந்தது.

“அது என் காசு இல்லடி.”

“உங்க இடுப்புலதான இருக்கு?”

“இருந்தாலும் என் காசு இல்ல. கண்ணுல்ல, வா. வீட்டுல போயி மோரு தாரேன்.”

காசை வைத்துக்கொண்டே இல்லை என்கிறாளே, இவ்வளவு பெரிய கஞ்சமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை.

வாசலில் பெரியப்பா நாற்காலி போட்டுக் காத்திருந்தார். “என்ன தாயி, உக்காந்தாளா?”

“ஒரு தடவ உக்காந்தாங்க” என்றேன்.

முள்ளைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் செருப்பைச் சொல்ல வேண்டும், அம்மா பக்கத்திலேயே நின்றாள். கலரும் மனதில் இருந்தது. ஆகவே உண்மையைச் சொன்ன அளவோடு நிறுத்திக்கொண்டேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பாவாடைக்குள் நான் இழுத்துக்கொண்ட காலைப் பார்த்தாள்.

“ஆமா, உக்காந்தேன்” என்றாள்.

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மறுநாள் விடிந்ததும் பெரியம்மா குளித்து, அதே மஞ்சள் துணியைச் செருகிக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் முன்னால் போய் நின்றாள். முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது.

“இன்னிக்கும் நடக்கப் போறேன். சாட்சிக்குப் புள்ள வேணாம், நீங்களே வாங்க. உக்காந்தா நாளைக்கும் நடப்பேன். உக்காராம வர்ற வரைக்கும் நடந்துக்கிட்டேதான் இருப்பேன்.”

கொடுத்த வாய்ச்சொல்லைப் பற்றி அவர் ஏதோ பேச வந்தார். அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள். பெரியப்பா மொபட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பந்தலுக்குள் மொபட் போகுமா? முதல் தூணிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதாயிற்று. அவரோ ஆறடி ஆள். கோயில் வரைக்கும் முதுகை வளைத்தபடியே போயிருக்கிறார். அங்கே போனதும், “அம்மாடி” என்று படிக்கட்டில் முதலில் உட்கார்ந்தது அவர்தானாம். பெரியம்மா நின்றபடியே அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாளாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், பழனிப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. பெரியம்மா கையில், மோட்டார் ரூம் வாசலில் நான் மறந்துவிட்டு வந்த செருப்பு இருந்தது. அம்மா பார்க்காத நேரம் அதை வாசலில் என் அக்கா செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் பழனிக்கு நடந்தாள். மூன்று நாளில் போய்விடக்கூடிய தூரம் அவளுக்கு ஐந்து நாள் ஆனது. கூடப் போனவர்கள் முன்னால் போய்விட்டார்கள், இவள் பின்னாலேயே தனியாக நடந்து மலையும் ஏறி, பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

அன்று அடுப்படியில் பெரியம்மா அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கால் அப்படி வீங்கியிருந்ததால் அழுகிறாள் என்று நினைத்தேன். நான் காலேஜுக்குக் கிளம்பிய வருஷம்தான் அம்மா எனக்கு அதைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எனக்கு நினைவு தப்பிப்போன மூன்றாம் நாள், டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருக்கிறார். பெரியம்மா வராந்தாவில் நின்றபடியே மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்திருக்கிறாள். புள்ள பொழச்சு எந்திரிச்சு நடந்தா, நான் நடந்து வாரேன் என்று.

இதெல்லாம் தெரியாத நான், அன்று பஞ்சாமிர்தத்துக்காக அவள் முன்னால் போய் நின்றேன். அவள் முதலில் என் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினாள். கண்ணிலெல்லாம் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே பார்த்தேன், இடுப்பில் மஞ்சள் துணி இல்லை.

“அந்தக் காசு எங்க?” என்று கேட்டேன்.

“குடுத்துட்டேன்.”

நான் நம்பவில்லை. “தனியாக் கலர் வாங்கிக் குடிச்சிட்டீங்களா?”

பெரியம்மா என் கண்ணில் விழுந்த திருநீற்றை முந்தானையால் துடைத்தாள்.

“ஆமா, குடிச்சிட்டேன்” என்றாள்.